காரணம் தெரியாத தசை பலவீனம்: மருத்துவப் பரிசோதனையா, ஆராய்ச்சியில் சேர்வதா?

மாடிப்படி ஏறக் கைப்பிடி தேவைப்படுகிறது. தரையில் உட்கார்ந்தால் தொடையில் கையூன்றித்தான் எழ முடிகிறது. தசை சிதையும்போது ரத்தத்தில் கசியும் நொதியான சி.கே., ஏறத்தாழ 200க்குள் இருக்க வேண்டியது, 3,000, 4,000 என்று வருகிறது. நரம்பியல் மருத்துவர், “தசைநோய் மாதிரி தெரிகிறது, எக்ஸோம் பார்த்துவிடலாம்” என்று ஒரு மரபணுப் பரிசோதனையைச் சொல்கிறார். அதற்குச் சில பத்தாயிரம் ரூபாய் ஆகும். அதே வாரத்தில் வேறொருவர், “ஆராய்ச்சி நிறுவனத்தில் இதையே இலவசமாகச் செய்கிறார்கள், ரத்தம் கொடுத்தால் போதும்” என்கிறார். காசு மிச்சம், வேலையும் முடியும் என்று பல குடும்பங்கள் இரண்டாவது வழியில் போகின்றன. அப்படிப் போகுமுன் யோசிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலானவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை முதலில், ஆராய்ச்சி அதற்குப் பிறகு. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தாலும் தவறில்லை. ஆராய்ச்சியில் ரத்தம் கொடுத்தாயிற்று என்று மருத்துவப் பரிசோதனையை நிறுத்தி வைப்பதுதான் ஆபத்து.

இரண்டிலும் எடுப்பது அதே ஊதா மூடி ட்யூபில் இரண்டு முதல் ஐந்து மில்லி ரத்தம்தான். ஓடும் கருவியும் பல நேரம் ஒன்றே. வித்தியாசம் அந்த ரத்தம் யாருடைய கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பதில் இருக்கிறது. மருத்துவப் பரிசோதனைக் கூடம் உங்கள் ஒருவரின் கேள்விக்குப் பதில் தரப் பணம் வாங்குகிறது. பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள் கையெழுத்திட்ட அறிக்கை கொடுத்தாக வேண்டும். ஆராய்ச்சிக்குழுவின் கேள்வி வேறு: “இந்த நோய் உள்ள நூறு பேரில் எத்தனை பேருக்கு இந்த மரபணு?”, “இதுவரை யாரும் சொல்லாத மரபணு இருக்கிறதா?” உங்கள் மாதிரி அந்த நூறில் ஒன்று. பெயர் நீக்கப்பட்டு, குறியீட்டு எண்ணோடு உறைபெட்டிக்குள் போகும். தனித்தனியாக ஓட்டினால் செலவு அதிகம் என்பதால் போதுமான மாதிரிகள் சேரும்வரை காத்திருக்கும். வேதிப்பொருள் வாங்கும் கோப்பு தாமதமாகலாம். அலசிக்கொண்டிருந்த ஆய்வு மாணவர் பட்டம் முடித்துப் போய்விடலாம். பெரும்பாலும் மூன்றாண்டு போலக் கிடைக்கும் திட்ட நிதி தீர்ந்துபோகலாம். இதில் யாருடைய அலட்சியமும் இல்லை, ஆராய்ச்சி நடக்கும் முறையே இதுதான். ஆனால் ஆறு மாதமா இரண்டு வருடமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது என்பதைத் தெரிந்துகொண்டுதான் ரத்தம் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று: ஆராய்ச்சிக் கூடத்தில் கண்டுபிடித்த மாற்றம் அப்படியே மருத்துவ அறிக்கை ஆகாது. புதிதாக ரத்தம் எடுத்து, பரிசோதனைக் கூடங்களின் தரத்துக்குச் சான்று தரும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற கூடத்தில், மரபணுவின் அந்த ஒரு இடத்தை மட்டும் படிக்கும் சாங்கர் முறையில் உறுதி செய்ய வேண்டும். மாதிரிக்குழாய்கள் இடம் மாறும் வாய்ப்பு எங்கும் உண்டு, அதைத் தடுக்கும் கட்டுப்பாடுகள் மருத்துவக் கூடத்தில்தான் கடுமை. ஆராய்ச்சியாளர் தொலைபேசியில் சொன்னதை நம்பி ஒரு கர்ப்பத்தைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது.

இரண்டுக்கும் முன்னால் முடிக்க வேண்டியவை

எந்த வழியில் போனாலும், குணப்படுத்தக்கூடிய காரணங்களை முதலில் விலக்கிவிட வேண்டும். “மரபணு நோய்தான், ரத்தம் ஆராய்ச்சிக்குப் போயிருக்கிறது” என்று ஒரு வருடம் காத்திருந்தவருக்கு மாத்திரையில் சரியாகக்கூடிய நோய் இருந்திருந்தால், அந்த ஒரு வருடத் தசை திரும்ப வராது.

தைராய்டு, பொட்டாசியம், கால்சியம், வைட்டமின் டி ஆகியவை எந்த ஊரிலும் ஒரே நாளில் முடிகிற சோதனைகள். தைராய்டு குறைவு சி.கே.யை ஆயிரக்கணக்கில்கூட ஏற்றலாம். வைட்டமின் டி பற்றாக்குறையால் எலும்பு மென்மையானவர்கள் இடுப்பை ஆட்டி நடப்பதைப் பார்த்துத் தசைச்சிதைவு என்று எழுதிவிடுவதும் உண்டு.

அடுத்தது ஹெச்.எம்.ஜி.சி.ஆர். எதிர்ப்பொருள் சோதனை. உடலின் நோய் எதிர்ப்பே தசையைத் தாக்கும் ஒரு நோயைக் காட்டுவது இது. கொழுப்புக் குறைப்பு மாத்திரையான ஸ்டாட்டின் சாப்பிடுபவர்களுக்கு வரும் நோய் என்றே பலர் நினைக்கிறார்கள். ஸ்டாட்டினைத் தொட்டே இராத இளம் வயதினருக்கும் வரும். மெதுவாக வளர்ந்து, இடுப்பு–தோள் தசைச்சிதைவு போலவே தோற்றம் காட்டும். தசைத்துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்சியில் அழற்சி அதிகம் தெரியாததால் “டிஸ்ட்ரோஃபி” (தசைச்சிதைவு) என்று அறிக்கை வந்துவிடும். நோய் எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் மருந்துகளுக்கு நன்றாகக் கட்டுப்படும் நோய் இது. எக்ஸோமில் எதுவும் கிடைக்காத ஒருவருக்கு இந்தச் சோதனை செய்யாமல் விட்டிருந்தால், தேடல் இன்னும் முடியவில்லை என்றே பொருள்.

வலி, களைப்பு, வாந்தியோடு வரும் பலவீனத்துக்கு ரத்தத்தில் அசைல்கார்னிட்டைன் அளவும் சிறுநீரில் கரிம அமிலங்களும் பார்க்க வேண்டும். கொழுப்பை எரிக்க முடியாத எம்.ஏ.டி.டி. என்ற குறைபாட்டில் ஒரு வகை, ரிபோஃபிளேவின் என்ற சாதாரண பி2 வைட்டமினை அதிக அளவில் கொடுத்தாலே வியக்கத்தக்க முறையில் தேறும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால், ஒரு நொதிக் குறைவால் வரும் பாம்ப்பே (Pompe) நோய்க்கான சோதனை, வடிதாளில் காய்ந்த ரத்தத்துளி போதும். பலவீனம் நாளுக்கு நாள் ஏறி இறங்கினால் நரம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டிப் பார்க்கும் ஆர்.என்.எஸ். சோதனை. நரம்பும் தசையும் சேரும் இடத்தில் பிறவியிலேயே கோளாறுள்ள பிறவி மயஸ்தீனியாவில், டோக்7 மரபணு வகையினர் சால்பியூட்டமால் மாத்திரையில் தேறுவார்கள். வழக்கமான மயஸ்தீனியா மாத்திரையான பைரிடோஸ்டிக்மினோ அவர்களை இன்னும் மோசமாக்கும். சரியான பெயர் தெரிவது எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை.

இ.சி.ஜி., எக்கோ, இதயத் துடிப்பை 24 மணி நேரம் பதியும் ஹோல்ட்டர் ஆகியவற்றையும் தள்ளிப்போடாதீர்கள். எல்.எம்.என்.ஏ. மரபணுவால் வரும் தசைநோயில் கை கால் பலவீனம் லேசாக இருக்கும்போதே இதயத் துடிப்பு தடுமாறித் திடீர் மரணம் நேரலாம். துடிப்பைக் காக்கும் கருவியை இதயத்தில் பொருத்துவதா என்ற முடிவுக்கு ஆராய்ச்சி அறிக்கை வரும்வரை நேரம் இருக்காது.

மருத்துவப் பரிசோதனை வழி: எங்கே சறுக்குகிறது

எக்ஸோம் என்பது ஏறத்தாழ 20,000 மரபணுக்களின் புரதம் எழுதும் பகுதிகளை மட்டும் படிப்பது. மொத்த மரபுத்தொகுதியில் அது ஒன்று அல்லது இரண்டு சதவீதம். எல்லாவற்றையும் பார்த்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் பணம் வீணாகிறது. மரபணுவின் ஒரு பகுதி காணாமற்போகும் நீக்கமும், இருமுறை வரும் இரட்டிப்பும் அதில் நழுவலாம். மீண்டும் மீண்டும் வரும் எழுத்துத் தொடர்கள் நீள்வதால் வரும் நோய்களை வழக்கமான எக்ஸோம் காட்டாது.

ஆகவே நோயின் தோற்றம் தெளிவாக இருந்தால் நேரடிச் சோதனைக்கே போக வேண்டும். ஐந்து வயதுப் பையன், ஆடுதசை பருத்திருக்கிறது, சி.கே. பத்தாயிரத்துக்கு மேல் என்றால் சிறுவர்களுக்கு வரும் கடுமையான தசைச்சிதைவான டூஷேனுக்கான எம்.எல்.பி.ஏ. சோதனை முதலில். 79 எக்ஸான் (புரதம் எழுதும் துண்டு) கொண்ட அந்த மரபணுவில் ஏறத்தாழ 70 சதவீதம் பேருக்கு நீக்கமோ இரட்டிப்போதான் கோளாறு, அதை எம்.எல்.பி.ஏ. எக்ஸோமைவிடக் குறைந்த செலவில் காட்டிவிடும். அதில் இல்லையென்றால்தான் மரபணு வரிசை படிப்பது. தளர்ந்த கைகால், நாக்கு நடுக்கம், சி.கே. கிட்டத்தட்ட சரி என்றால் தண்டுவட நரம்புசெல்கள் சிதைவதால் வரும் எஸ்.எம்.ஏ. நோய்க்கான எஸ்.எம்.என்.1 மரபணுச் சோதனை. இதற்கு எஸ்.எம்.என்.2 என்று ஏறக்குறைய ஒரே மாதிரியான இரட்டை இருப்பதால் எக்ஸோமில் குழப்பம் வரும். பிடித்த கையை விட நேரமாகிறது, முன்வழுக்கை, கண்புரை என்றால் மயோடோனிக் டிஸ்ட்ரோஃபிக்காக, நீண்டுபோன எழுத்துத் தொடரைக் காட்டும் டி.பி.–பி.சி.ஆர். முகத்தசையும் தோள்பட்டையும் ஒருபக்கம் அதிகமாகத் தளர்ந்தால் எஃப்.எஸ்.ஹெச்.டி. என்ற தசைச்சிதைவாக இருக்கலாம், அதற்குத் தனி முறை தேவை.

இந்தப் படிகளைத் தாண்டிய பிறகே எக்ஸோம். தசைநோய்களில் தேர்ந்தெடுத்துச் செய்தால் மூன்றில் ஒருவர் முதல் பாதிப்பேர் வரை விடை கிடைக்கிறது. அனுப்பும் படிவத்தில் மருத்துவர் என்ன எழுதுகிறார் என்பதைப் பொறுத்து இது பெரிதும் மாறும். “பலவீனம்” என்று ஒரே சொல் எழுதி அனுப்பினால் கூடத்தில் உட்கார்ந்து வடிகட்டுபவருக்குப் பிடிமானம் கிடையாது. எந்த வயதில் தொடங்கியது, எந்தத் தசை முதலில், எந்தத் தசை தப்பியது, சி.கே. எவ்வளவு, இதயம் எப்படி, பெற்றோர் உறவினரா, இவற்றை ஒரு பக்க அளவுக்கு எழுதி அனுப்ப வேண்டும். முன்னந்தொடைத் தசை தப்பி, பாதம் தொங்கி, இருபதுகளில் தொடங்கியது என்று எழுதினாலே ஜி.என்.இ. மரபணு நினைவுக்கு வந்துவிடும். இந்தியக் குடும்பங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு மாற்றம் அதில் உண்டு.

அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று நெருங்கிய உறவில் மணம் தமிழ்நாட்டில் இன்னும் நான்கில் ஒன்றுக்குக் குறையாது. இதை மறைக்காமல் சொல்லுங்கள். குற்றம் சொல்ல யாரும் கேட்கவில்லை. ஒரே மாற்றம் இரு பெற்றோரிடமிருந்தும் வந்திருக்கும் இடங்களைத் தேடினால் வலை வெகுவாகச் சுருங்கும் என்பதற்காகத்தான் கேட்கிறார்கள்.

அறிக்கை வந்தபின் பெரும் தொல்லை வி.யு.எஸ்., அதாவது பொருள் தெளிவாகாத மரபணு மாற்றம். 2015 முதல் உலகமெங்கும் பின்பற்றும் ஐந்து படி வகைப்பாட்டில் இது நடுப்படி: நோய் உண்டாக்குமா, ஆக்காதா என்று சொல்லப் போதிய சான்று இல்லை. இதைக் கையில் வைத்துக்கொண்டு “எனக்கு இந்த நோய்தான்” என்று முடிவு கட்டுவது தவறு. பெற்றோர் இருவரின் ரத்தமும் பார்த்தால் பல வி.யு.எஸ். ஒரு பக்கம் சாய்ந்துவிடும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் கெட்ட பிரதி வந்தால்தான் உண்டாகும் ஒடுங்கு மரபுநோயில், இரண்டு மாற்றங்களும் ஒருவரிடமிருந்தே வந்திருந்தால் பொதுவாக அது காரணம் அல்ல. பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே இந்த ரத்தத்தை எடுத்து வைத்துவிடுவது நல்லது.

பணம் தடையாக இருந்தால் ஆராய்ச்சி ஒன்றுதான் வழி என்றில்லை. உயிரித் தொழில்நுட்பத் துறையின் உம்மீத் திட்டத்தில் 2019 முதல் அரசு மருத்துவமனைகளில் நிதான் கேந்திரங்கள் என்ற மரபுநோய் மையங்கள் உள்ளன. கோவையில் எம்.டி.சி.ஆர்.சி. என்ற அமைப்பு தசைச்சிதைவுக்கான மரபணுச் சோதனையை லாப நோக்கின்றிச் செய்து வருகிறது. 2021 அரிய நோய்க் கொள்கையின் கீழ் சிறப்பு மையங்களில் பதிந்தவர்களுக்கு, பட்டியலில் உள்ள நோய்களின் சிகிச்சைக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அதற்கும் உறுதியான மருத்துவ அறிக்கை வேண்டும். ஆராய்ச்சிக் கடிதத்தை மட்டும் நீட்டிப் பயனில்லை.

ஆராய்ச்சி வழி: எங்கே அது மேல்

இவ்வளவு சொன்னதால் ஆராய்ச்சி வேண்டாம் என்று ஆகாது. எக்ஸோமும் நேரடிச் சோதனைகளும் முடிந்து ஒன்றும் கிடைக்காதவருக்கு ஆராய்ச்சியைவிட நல்ல இடம் கிடையாது. முழு மரபுத்தொகுதி படித்தல், தசையிலிருந்து மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ. எடுத்துப் பார்த்தல், செல் வளர்த்துச் சோதித்தல் ஆகியவை பெரும்பாலும் அங்கேதான் நடக்கின்றன. ஒரு வி.யு.எஸ். உண்மையில் புரதத்தைக் கெடுக்கிறதா என்று செய்து காட்டும் பொறுமை கட்டணக் கூடத்துக்கு இருக்காது. ஒரே மரபணு கெட்ட இன்னொரு குடும்பம் உலகின் வேறு மூலையில் இருக்கிறதா என்று ஜீன்மேட்சர் போன்ற தளத்தில் தேடுவதும் ஆராய்ச்சியாளர்கள் வழக்கமாகச் செய்யும் வேலை. புது மரபணுவுக்கு அப்படிக் கிடைக்கும் இரண்டாவது குடும்பம்தான் பல சமயம் திருப்புமுனை.

அமெரிக்காவில் கண்டறியப்படாத நோய்களுக்கென்றே பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் வலையமைப்பு இருக்கிறது. அதன் 2018 அறிக்கையில், முழுதும் ஆராயப்பட்ட 382 பேரில் 132 பேருக்கு விடை கிடைத்தது, அதாவது 35 சதவீதம். அந்த விடைகளில் 21 சதவீதம் சிகிச்சையை மாற்றச் சொல்லியது. மறுபடி படித்துப் பார்க்க வேண்டிய இன்னொரு எண் உண்டு: அந்த விடைகளில் 11 சதவீதம், பழைய ஆவணங்களையும் உடலையும் தேர்ந்த மருத்துவர்கள் உட்கார்ந்து பார்த்ததிலேயே கிடைத்தவை. மரபுத்தொகுதியைப் படிக்குமுன் பழைய கோப்பை முழுதாகப் படிக்க ஒருவர் வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

எந்த ஆராய்ச்சி என்று கேட்காமல் சேராதீர்கள். ‘ஜீனோம் இந்தியா’ போன்ற மக்கள்தொகை ஆய்வுகள் பதினாயிரம் ஆரோக்கியமானவர்களின் மரபுத்தொகுதியைத் தொகுப்பவை, உங்கள் நோய்க்கு அங்கே பதில் வராது. மாதிரி வங்கிகள் சேமிக்க மட்டும் செய்யும். நோய்ப் போக்கைத் தொடரும் பதிவேடுகளில் சேரப் பெரும்பாலும் நோயின் பெயர் முன்பே தெரிந்திருக்க வேண்டும். மரபணு கண்டறியும் ஆய்வு ஒன்றுதான் உங்களுக்குப் பெயர் தேடித் தரக்கூடியது.

தசைத்துண்டு: இரு வழிக்கும் பொதுவான சொத்து

பயாப்சி செய்வதாக முடிவானால், கத்தி வைக்கும் முன்பே இரண்டு பக்கத்தையும் பேச வைக்க வேண்டும். ரத்தத்தை இன்னொரு முறை எடுக்கலாம், தசையை அப்படி எடுத்துக்கொண்டே இருக்க முடியாது.

அடிக்கடி நேரும் இழப்பு ஃபார்மலின் குப்பி. சிறிய மருத்துவமனையில் அறுவை அறைப் பணியாளர், மற்ற திசுக்களைப் போலவே இதையும் ஃபார்மலினில் போட்டுவிடுவார். நொதிச் சாயங்கள், ஆர்.என்.ஏ., புரத அளவு எல்லாம் அதோடு போயிற்று. தசை திரவ நைட்ரஜனில் குளிரூட்டிய ஐசோபென்டேன் என்ற திரவத்தில் உடனே உறைய வேண்டும். அந்த வசதி வேறிடத்தில் இருந்தால், சலைனில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, ஐஸ் மேல் வைத்துச் சில மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். சலைனில் மிதக்க விட்டால் உறையும்போது பனித்துகள்கள் தசையைச் சல்லடையாக்கும்.

தசையைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். முழுக்கத் தேய்ந்த தசையில் கொழுப்பும் நாரும்தான் இருக்கும். நடுத்தரமாகத் தளர்ந்த, வலிமை ஐந்துக்கு நான்கு என்ற அளவில் உள்ள தசை சிறந்தது. தசையின் மின்செயல்பாட்டைப் பார்க்கும் இ.எம்.ஜி. சோதனைக்காக அண்மையில் ஊசி குத்திய இடத்தைத் தவிர்க்க வேண்டும். ஸ்டீராய்டு தொடங்கிய பின் எடுத்தால் அழற்சி மறைந்திருக்கும். அழற்சி இருந்தாலும் அது மயோசைட்டிஸ் (தசை அழற்சி நோய்) என்று உறுதியாகாது. மரபணுவால் வரும் டிஸ்ஃபெர்லின் புரதக் குறைபாட்டிலும் அழற்சி தெரியும், அவர்களுக்கு ஸ்டீராய்டால் பயன் இல்லை, பக்கவிளைவுதான் மிஞ்சும்.

ஒரே அறுவையில் நோயறிதலுக்கு ஒரு துண்டு, மைனஸ் 80 டிகிரியில் வைக்க இன்னொரு துண்டு என்று எடுக்கலாம். ஆராய்ச்சிக்கான கூடுதல் துண்டுக்குத் தனி ஒப்புதல் வேண்டும். நோயறிதலுக்குப் போதுமானது எடுத்தபிறகே அது.

ஒப்புதல் படிவத்தில் தேட வேண்டியது

தமிழில் படிவம் கேளுங்கள். புரியும் மொழியில் விளக்குவதும், கையெழுத்திட்ட பிரதி கொடுப்பதும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகளின்படி அவர்கள் கடமை. 7 முதல் 12 வயதுக் குழந்தையிடம் வாய்மொழியாகவும், 12 முதல் 18 வரை எழுத்திலும் அவர்களின் இசைவையும் பெற வேண்டும்.

படிவத்தில் முதலில் பார்க்க வேண்டிய வரி, தனிநபர் முடிவு திரும்பச் சொல்லப்படுமா என்பது. “சொல்லப்படமாட்டாது” என்று இருந்தால் அந்த ஆய்வு உங்கள் தேடலுக்கு உதவாது. அறிவியலுக்கு உதவும் மனத்தோடு சேரலாம், அது தனி முடிவு. “சொல்லப்படலாம்” என்று இருந்தால் யார், எந்த வழியில், உறுதிச் சோதனைக்கு யார் செலவு செய்வார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அடுத்தது, தேடாதது கிடைத்தால் என்ன செய்வார்கள் என்பது. தசைக்காகப் பார்த்ததில் மார்பகப் புற்றுநோய்க்கான மரபணு மாற்றம் வெளிப்படலாம், கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய மாதிரி. தெரிந்துகொள்ள வேண்டுமா வேண்டாமா என்று முன்கூட்டியே தேர்வு செய்யும் இடம் படிவத்தில் இருக்க வேண்டும். பெற்றோர் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது தந்தை யார் என்ற கேள்விக்கும் விடை தெரிந்துவிடும் என்பதை நல்ல ஆலோசகர் தனியே, மென்மையாகச் சொல்லுவார்.

மாதிரி வெளிநாடு போகுமா, விலகினால் மிச்ச ரத்தம் அழிக்கப்படுமா, மூலத் தரவுக் கோப்பு உங்களுக்குக் கிடைக்குமா, நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருக்கிறதா, இவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்வதற்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஆராய்ச்சிக்கான சோதனைக்குப் பங்கேற்பவர் பணம் கட்டக் கூடாது. தசைச்சிதைவுக்கு ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு அதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைக்கும் இடங்களுக்கும் இதே அளவுகோல்தான்.

மருந்துச் சோதனையில் சேர்வது முற்றிலும் வேறு கதை, அதை நோயறியும் வழியாக நினைக்கவே கூடாது. டூஷேனில் எக்ஸான் 51 தாண்டும் மருந்து ஏறத்தாழ 13 சதவீதம் பேருக்கே பொருந்தும், எந்த எக்ஸான் போயிற்று என்று துல்லியமாகத் தெரியாதவர் வாசலைத் தாண்ட முடியாது. வைரஸ் வழி மரபணு சிகிச்சைச் சோதனையில் ஒருமுறை சேர்ந்தால் உடலில் எதிர்ப்பொருள் உருவாகி, பின்னால் வரும் இதே மாதிரிச் சிகிச்சை மறுக்கப்படலாம். சோதனை வரும் என்று எதிர்பார்த்து இப்போது தேவைப்படும் ஸ்டீராய்டைத் தள்ளிப்போடுவது பிள்ளையின் நடைக்காலத்தைக் குறைப்பதாகும். ஒரு மருந்துச் சோதனை உண்மையா என்று அறிய, இந்திய மருந்துச் சோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண்ணைக் கேட்டு இணையத்தில் பாருங்கள். 2009 ஜூன் முதல் இந்தியாவில் அந்தப் பதிவு கட்டாயம்.

யாருக்கு எது

வீட்டில் கர்ப்பிணி இருந்து, வயிற்றில் உள்ள குழந்தைக்கும் வருமா என்பது கேள்வியானால் ஆராய்ச்சி வழியை அந்த நேரத்துக்கு மறந்துவிடுங்கள். நஞ்சுக்கொடித் திசு எடுப்பது 11 முதல் 13 வாரம், பனிக்குட நீர் எடுப்பது 16 வாரத்துக்கு மேல். நோயுற்ற மூத்த குழந்தையின் மாற்றம் அதற்கு முன் மருத்துவக் கூடத்தில் உறுதியாகியிருந்தால்தான் இந்தச் சோதனைகளுக்குப் பொருள் உண்டு. பிள்ளையின் நிலை மோசமாக இருக்கிறது என்றால் ஒரு ட்யூப் ரத்தத்திலிருந்து டி.என்.ஏ. பிரித்துச் சேமிக்கச் சொல்லுங்கள். பின்னர் எந்தச் சோதனைக்கும் அது உதவும்.

வேகமாக மோசமாகிறவர், இதயமோ மூச்சோ தொட்டவர், அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்தவர், இவர்களுக்கும் மருத்துவ வழிதான் முதலில். தசைநோய் சிலவற்றில் மயக்க மருந்தே உயிருக்கு ஆபத்து. நோயின் பெயர் தெரியும்வரை, அறுவையில் தசையைத் தளர்த்தத் தரும் ஊசி மருந்து ஒன்றைக் குறித்து, “தசைநோய் சந்தேகம், சக்ஸினைல்கோலின் தவிர்க்கவும்” என்று மருத்துவர் கையெழுத்தோடு ஒரு சீட்டு வைத்திருக்க வேண்டும்.

பத்து வருடமாக மெதுவாகவே நகரும் நோய், குணப்படுத்தக்கூடியவை எல்லாம் விலக்கியாயிற்று, எக்ஸோமில் ஒன்றுமில்லை அல்லது வி.யு.எஸ். மட்டும் என்றால் ஆராய்ச்சியில் சேருங்கள், தாமதிக்க வேண்டாம். குடும்பத்தில் இருவர் மூவருக்கு ஒரே நோய் என்றால் ஆராய்ச்சிக்குழுவே ஆர்வமாக இருக்கும். நோயில்லாத சகோதரரின் ரத்தமும் அதே அளவு மதிப்புள்ளது.

சேரும்போது எக்ஸோம் அறிக்கையின் பி.டி.எஃப். மட்டும் கொடுக்காமல் மூலத் தரவான ஃபாஸ்ட்க்யூ (FASTQ) அல்லது பேம் (BAM) கோப்பையும் வன்தட்டில் கொடுங்கள். பல கூடங்கள் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழித்துவிடுவதால், அறிக்கை வந்த மாதமே கேட்டு வாங்கி இரண்டு இடத்தில் சேமியுங்கள். அந்தக் கோப்பைப் புதிய மரபணுப் பட்டியலோடு மறுபடி அலசினால், ரத்தமே எடுக்காமல் சிலருக்கு விடை வந்துவிடுகிறது. முதல் அறிக்கை வந்து ஒன்று, ஒன்றரை வருடம் கழித்து அந்த மறு அலசலைக் கூடத்திடமும் ஆராய்ச்சிக்குழுவிடமும் நீங்களே கேளுங்கள். தொலைபேசி எண்ணையோ வீட்டு முகவரியையோ மாற்றினால் அதையும் இருவருக்கும் தெரிவியுங்கள். விடை கிடைத்தபின் உங்களைக் கண்டுபிடிக்க முடியாமல் அது கோப்பிலேயே தங்கிவிடக் கூடாது.